தோப்பும் கோழியும்

டூன் பள்ளத்தாக்கில் லிச்சியும் மாவும் செழித்த வீட்டுத் தோட்டங்கள் பல உள்ளன. சிலவற்றின் பின்புறத்தில் மூங்கிலும் புதர்களும் அடர்ந்த சிறு தோப்பும், அதற்கப்பால் சால மரக்காடும் அமைந்திருக்கும். இத்தகைய தோட்டத்தில் விருப்பத்திற்காக நாலைந்து கோழிகள் வளர்ப்போர் ஒரு குறை கூறுவதுண்டு. மண்வெட்டி எடுத்தால் கோழிகள் பின்தொடர்கின்றன. சருகைக் கிளறிப் பாத்தியைக் கெடுக்கின்றன. திறந்த கதவு கண்டால் உள்ளே நுழைகின்றன. இது குறும்பன்று, அப்பறவையின் பிறவிக் குணமேயாகும்.

வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியாகும். டார்வின் 1868 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்முடிவையே கூறினார். இமயமலை அடிவாரத்துச் சால மரக்காடுகளில் அப்பறவை இன்றும் வாழ்கிறது. காட்டுத் தரையில் இரை கண்முன் கிடப்பதில்லை. கறையானும் புழுவும் விதையும் சருகின் கீழ் மறைந்துள்ளன. ஆதலின் காலால் கிளறி, புதியது எதுவாயினும் அலகால் கொத்திப் பார்க்கும் பறவையே பிழைத்தது. நாம் ஆவல் என்று கூறுவது இந்த இரை தேடும் பழக்கமே. ஆனால் ஆணி, கம்பித்துண்டு, நூல் முதலியவற்றையும் கோழி விழுங்கிவிடும். எனவே தோட்டத்தில் இவை கிடக்கலாகாது.

தோப்பினால் விளையும் நன்மைகள் பல. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. கோடையில் நிழல் இன்றியமையாதது. மரத்தடியில் உலர்ந்த புழுதி இருப்பின், அதிற் குளித்துச் சிறகிலுள்ள பேன்களைக் குறைத்துக்கொள்ளும். வல்லூறு வட்டமிடும்போது புதர் புகலிடமாகும். வானத்துப் பகைக்கு ஒருவகை ஒலியும், தரைப்பகைக்கு வேறுவகை ஒலியும் எழுப்பிக் கோழிகள் எச்சரிக்கின்றன. முன்னதைக் கேட்டவை பதுங்கும். பின்னதைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்தி நோக்கும்.

இரவில் நிலைமை மாறுகிறது. இருட்டில் கோழிக்குக் கண் சரிவரத் தெரியாது; மரநாய், காட்டுப்பூனை ஆகியவற்றிற்கு எளிதில் இரையாகும். பொழுது சாயுமுன் அவற்றைக் கூண்டில் அடைத்தல் வேண்டும். நெருக்கமான கம்பிவலையை மண்ணுக்குள் ஓரடி ஆழம் வரை புதைத்தல் நன்று. உட்கார்வதற்கு உள்ளே உயரத்தில் ஒரு கொம்பு வேண்டும். மரக்கிளையில் உறங்கிய இனத்திற்கு அதுவே இயல்பு.

இனி, களப்பணியாளர் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தோப்புக்கும் காட்டுக்கும் இடையே வேலி இல்லையாயின், வீட்டுக்கோழியும் காட்டுக்கோழியும் கலந்து குஞ்சு பொரிக்கும். காட்டினத்தின் தூய மரபு தலைமுறைதோறும் குன்றும். நோயும் அவ்வழியே பரவக்கூடும். கொடிய இராணிக்கெட் நோய்க்குப் பெயரளித்த ஊர் இம்மாநிலத்தின் குமாவோன் மலையிலேயே உள்ளது. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் அளித்தால் அந்நோயைத் தடுக்கலாம். கோழி நாலைந்துதானே என்று இதனைப் புறக்கணித்தல் தவறு. காட்டிலிருந்து முட்டை எடுத்து வந்து அடைவைத்தலும் கூடாது. காட்டுக்கோழி 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள பறவையாகும்.

ஆசிரியர்கள் மாணவரைத் தோப்போரம் அமரச் செய்து, கோழி கால்மணி நேரத்தில் எத்தனை முறை கிளறுகிறது, எவ்வொலிக்குப் பதுங்குகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லலாம். முற்றத்துக் கோழியிடம் காட்டின் பழக்கம் இன்னும் அழியாதிருப்பதை அவர்கள் தாமே கண்டறிவர். அக்காட்டை வேலிக்கு அப்பால் கெடாமல் காக்கவேண்டிய காரணமும் அப்போது அவர்களுக்கு விளங்கும்.