பூட்டும் முத்திரையும்

நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசில் ஒருபுறம் பிரகதாம்பாள் திருவுருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். அச்செப்புக் காசுக்கு மதிப்பளித்தது அம்முத்திரையே. இன்றைய குவாண்டம் செய்திக்கும் முத்திரை வேண்டும் என்பதை ஈண்டுக் காண்போம்.

கணினியின் ‘பிட்’ 0 அல்லது 1 ஆக இருக்கும். ‘கியூபிட்’ இரண்டும் கலந்த நிலையிலும் இருக்க வல்லது. முன்னறியாத கியூபிட்டைப் படியெடுக்க இயலாதென 1982-இல் நிறுவப்பெற்றது. எனவே, செய்தியை மறைக்குறியீட்டால் பூட்டிவிட்டாற் போதும் எனத் தோன்றலாம். அது பிழையாகும். ஒவ்வொரு கியூபிட்டையும் இரண்டு இரகசிய பிட்டுகளால் பூட்டினால் இடைநிற்பவன் அதனைப் படிக்க இயலாது. ஆயின் படிக்காமலேயே புரட்டிவிட இயலும். பெறுபவர் திறக்கையில் 0 என்பது 1 ஆகியிருக்கும். மாற்றப்பட்டதை அவர் அறியார்.

இதற்குத் தீர்வு யாது? செய்தியோடு சோதனைக் கியூபிட்டுகள் சிலவற்றைச் சேர்த்து, இரகசியத் திறவுகோலின்படி யாவற்றையும் கலந்து பூட்டி அனுப்புவதே. இடையில் எவரேனும் கைவைப்பின், பெரும்பாலும் அச்சோதனைக் கியூபிட்டுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

முத்திரையிட்ட குவாண்டம் செய்தி பூட்டப்பட்டதாகவும் இருந்தே தீரும் எனப் பர்னம் முதலிய ஐவர் 2002-இல் மெய்ப்பித்தனர். முத்திரையுள் பூட்டு அடங்கும். பூட்டினுள் முத்திரை அடங்காது.

நம் நாட்டில் 2022-இல் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், குவாண்டம் முறையில் திறவுகோல் பகிரப்பெற்றது. 2023-இல் தேசிய குவாண்டம் இயக்கம் ஒப்புதல் பெற்றது. அதன் தகவல் தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. இத்துறையுள் புகும் நம் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும்: பிறர் படியாமற் காப்பது பாதிக் காவல்; பிறர் திருத்தாமற் காப்பதே முழுக் காவல்.