உறையும் நீரின் ஆற்றல்

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், பட்டையைப் பழுக்கக் காய்ச்சிய பின்னரே மாட்டுவார். ஆறியதும் அது சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். சூட்டினால் விரிவதும் குளிரினால் சுருங்குவதும் பெரும்பாலான பொருள்களின் இயல்பு. ஆனால் நாம் நாள்தோறும் பருகும் தண்ணீரோ இவ்விதியை ஓரளவுக்கு மேல் மதிப்பதில்லை!

குளிரக் குளிர நீரும் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனதும் அது மெல்ல விரியத் தொடங்குகிறது. 0 டிகிரியில் உறையும்போது சட்டென்று பருத்துவிடுகிறது. 11 படி நீர் உறைந்தால் ஏறத்தாழ 12 படி பனிக்கட்டி கிடைக்கும்.

இதற்குக் காரணம் என்ன? திரவ நிலையில் நீரின் மூலக்கூறுகள் ஓடியாடி, நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளுடன் கைகோத்து, அறுகோண வடிவில் ஒழுங்காக நின்றுவிடுகிறது. அந்த அமைப்பின் நடுவே வெற்றிடம் மிகுதி. கூட்டமாக நெருங்கி நின்ற மாணவியர் கைகளை விரித்துக் கோத்து வளையமாக நின்றால் அதிக இடம் வேண்டுமல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

தோழியரே, இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேரே ஒரு கோடு இடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் பனி அறையில் ஓர் இரவு வைத்தால், காலையில் பனிக்கட்டி கோட்டுக்கு மேல் உயர்ந்திருக்கும். கண்ணாடிப் புட்டியில் மட்டும் நீரை நிரப்பி மூடி வைத்துவிடாதீர்கள்; அது உடைந்து சிதறும்.

கண்ணாடி என்ன, இரும்பே தாங்காது! கனடாவின் கியூபெக் நகரில் 1784, 1785 ஆம் ஆண்டுகளின் கடுங்குளிரில், எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி இதை ஆராய்ந்தார். உள்ளே வெற்றிடமுள்ள கனத்த இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, வாயை இரும்பு ஆப்பால் அடித்து மூடி, வெளியே பனியில் வைத்தார். நீர் உறைந்தபோது ஒரு குண்டின் ஆப்பு 400 அடிக்கும் அப்பால் போய் விழுந்தது. ஆப்பு அசையாது நின்ற இன்னொரு குண்டோ, தானே பிளந்துவிட்டது. பிளவின் வழியே பனிக்கட்டி தகடுபோல் பிதுங்கி நின்றது. உடையாத கலத்தில் அடைபட்ட நீர், குளிர் உறைநிலைக்குக் கீழே 22 டிகிரி வரை இறங்கும்போது, ஒரு சதுர சென்டிமீட்டரில் 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் தரக்கூடும்.

இந்த ஆற்றலே மலைகளையும் உடைக்கிறது. பாறை வெடிப்பில் புகுந்த நீர் இரவில் உறைந்து வெடிப்பை அகலமாக்கும். பகலில் உருகி இன்னும் ஆழமாக இறங்கும். இரவில் மறுபடியும் உறையும். மேலும், பாறைக்குள் உருவாகும் பனிக்கட்டி அக்கம்பக்கத்து நுண்துளைகளிலுள்ள நீரையும் தன்பால் இழுத்து வளர்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், முதியவர் ஒருவரின் முகம்போலத் தோன்றிய 40 அடி உயரக் கருங்கற்பாறை ஒன்று மலைச்சரிவில் இருந்தது. அதுவே அம்மாநிலத்தின் சின்னம். விரிசல்களை இரும்பால் பிணைத்தும் சிமெண்டால் அடைத்தும் பல்லாண்டுகள் அதைக் காத்தார்கள். ஆயினும் 2003 மே 3 அன்று அம்முகம் சரிந்து விழுந்தது. நெடுங்காலமாக நீர் உறைந்தும் உருகியும் செய்த வேலையே அதற்குப் பெருங்காரணம்.

இவ்வாறு அழிக்கும் ஆற்றலை வேலைக்காரனாக்கிக்கொண்ட மக்களும் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அண்மையிலுள்ள ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரில், கூரைக்கு ஓடுபோல் வேயும் மெல்லிய கற்பலகைகள் செய்துவந்தார்கள். சுரங்கத்திலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கற்களை உளியால் பிளக்கவில்லை. ஈரம் காயாமல் வைத்திருந்து, குளிர்காலத்தில் திறந்த வெளியில் பரப்பினார்கள். கடும்பனி வரும் இரவில் ஆலய மணி ஒலிக்கும். உறங்கிக்கொண்டிருந்த ஊரார் எழுந்து ஓடி, கற்களின் மேல் நீரை ஊற்றுவார்கள். அந்த நீர் உறைந்து கற்களை அடுக்கடுக்காகப் பிரித்துவிடும். ஈரம் காய்ந்த கல்லைப் பனியால் பிளக்க இயலாது. பனியில்லாத குளிர்காலமோ வேலையில்லாத காலம். ஆகவேதான் அந்த மணியோசைக்கு அத்தனை மதிப்பு! ஆக்ஸ்ஃபோர்டின் பழைய கல்லூரிகள் பலவற்றின் கூரைகளை இக்கற்களே அணி செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழில் நின்றுபோயிற்று.

நீர் இவ்வாறு பருப்பதால் விளையும் பெரும் நன்மை இன்னொன்று. பருமன் கூடுவதால் பனிக்கட்டியின் அடர்த்தி குறைகிறது. எனவே அது மிதக்கிறது. குளிர்நாடுகளின் ஏரிகளில் மேலே பனிக்கட்டி மூடி நிற்க, கனமிக்க 4 டிகிரி நீர் அடியில் தங்குகிறது. பனிக்கட்டி நீரினும் கனமாயிருந்தால், அது அடியில் மூழ்கிக் குவிந்து, ஏரியையே கல்லாக்கி மீனினத்தை மாய்த்துவிடும். இரும்பைப் பிளக்கும் அதே இயல்புதான், குளிர்காலம் முழுவதும் மீன்களுக்குக் கூரையாகி அவற்றைக் காக்கிறது.