அடுப்பங்கரைக் கணக்கும் வோட்டுப் பெட்டியும்

அமெரிக்க தேசத்தின் தென் எல்லையில், ரியோ கிராண்டே நதிக்கரையில், ஸ்டார் என்று ஒரு சிறு ஜில்லா இருக்கிறது. டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த அந்த ஜில்லாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் 'லத்தீனோ' என்று வழங்கப்படும் சமூகத்தினர். மெக்ஸிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 1892-ஆம் ஆண்டுக்குப் பிறகு எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் ஸ்டார் ஜில்லா குடியரசுக் கட்சியை ஜெயிக்க விட்டதில்லை. அது ஜனநாயகக் கட்சியின் பிதுரார்ஜித சொத்து என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

2024 நவம்பரில் அந்தச் சொத்து கைமாறிற்று. குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்ப் அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 58 வோட்டுப் பெற்று ஜெயித்தார். இந்த மாறுதல் ஒரே நாளில் நேர்ந்ததன்று. 2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு 79 வோட்டு அளித்த ஜில்லா, 2020-இல் ஜோ பைடனுக்கு 52 மட்டுமே அளித்திருந்தது. மணி அப்போதே அடித்துவிட்டது. கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை.

லத்தீனோக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அரசியல்வாதிகள் குடியேற்றப் பிரச்னை ஒன்றையே பிரதானமாகப் பேசி வந்தார்கள். அது முக்கியமானதல்லவென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2024 தேர்தலுக்கு முன் நடந்த விசாரணைகளில் லத்தீனோ வாக்காளர்கள் முதலாவதாகக் குறிப்பிட்டது பொருளாதாரத்தைத்தான். முட்டை விலை, பெட்ரோல் விலை, வீட்டு வாடகை - இவையே அவர்கள் வாயில் வந்த வார்த்தைகள்.

இதன் காரணம் எளிது. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு 9.1 வீதம் ஏறியிருந்தது. நாற்பது ஆண்டுகளில் காணாத ஏற்றம் அது. பிறகு, 'விலையேற்றம் தணிந்துவிட்டது' என்று சர்க்கார் நிபுணர்கள் அறிவித்தார்கள். வாஸ்தவம். ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. நிபுணர் பார்ப்பது வேகத்தை. குடும்பத் தலைவி பார்ப்பது விலையை. வேலை கிடைத்தது, கூலியும் உயர்ந்தது என்று எடுத்துச் சொன்னார்கள். ஆனால் வருமானத்தில் பெரும் பகுதி உணவுக்கும் வாடகைக்குமே போய்விடும் குடும்பத்தில், உயர்ந்த கூலி கைக்கு வருமுன்னே கடைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் புள்ளிவிவரத்தைப் படித்துக் காட்டினால் பசியாறுமா?

நாடு முழுவதிலும் அந்தத் தேர்தலில் லத்தீனோக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் டிரம்பை ஆதரித்தார்கள். உடனே குடியரசுக் கட்சியினர், "இனி இந்த வோட்டு நமதே" என்று பூரித்தனர். பழைய சொத்துக்குப் புதிய பட்டா!

அந்தப் பட்டாவும் நெடுநாள் நிலைக்கவில்லை. நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பஸேயிக் என்று ஒரு ஜில்லா. அங்கும் லத்தீனோக்கள் மிகுதி. 2024-இல் டிரம்பை ஆதரித்த அந்த ஜில்லா, 2025 நவம்பரில் நடந்த கவர்னர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அபேட்சகரான மிக்கி ஷெரிலை ஆதரித்தது. ஏறிக்கொண்டே போன மின்சாரக் கட்டணத்தைத் தடுத்து நிறுத்துவதாக அந்த அம்மையார் வாக்களித்திருந்தார். வெளிநாட்டுச் சரக்குகள் மீது டிரம்ப் விதித்த சுங்க வரிகளும், குடியேறியவர்களைப் பிடித்து நாடு கடத்தும் நடவடிக்கைகளும் இதற்கிடையே வந்து சேர்ந்திருந்தன. 'விலையை இறக்குவேன்' என்றவரை நம்பி வோட்டளித்தவர்கள், இறங்காத விலையைக் கண்டு மறுபடியும் கணக்குப் பார்த்தார்கள்.

இவர்களைச் சபல சித்தர்கள் என்று சிலர் ஏசுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. டெக்ஸாஸில் வோட்டுப் போடவே வரி கட்ட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1902-இல் ஏற்பட்ட அந்த வரி 1966-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. கூலி வேலை செய்த எத்தனையோ மெக்ஸிகோ வம்சத்துக் குடும்பங்கள் அந்தத் தொகைக்கு வழியின்றி வோட்டுரிமையை இழந்து நின்றன. வோட்டின் விலையை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? அப்படிப் பெற்ற உரிமையை ஒரு கட்சியின் பெயரில் சாஸனம் எழுதிக் கொடுத்துவிட அவர்கள் மறுப்பதில் வியப்பென்ன?

2024-இல் வோட்டளிக்கத் தகுதி பெற்ற லத்தீனோக்கள் சுமார் மூன்று கோடியே அறுபது லட்சம் பேர். கியூபா வம்சத்தவரும், போர்ட்டோ ரிக்கோ தீவினரும், மெக்ஸிகோ வழியினரும் ஒரே மனத்தினர் அல்லர். ஆனால் மாதக் கடைசியில் பணப்பையைத் திறந்து பார்க்கும்போது எழும் கவலை எல்லாருக்கும் பொதுவானது. அவர்களுடைய ஆதரவை விரும்பும் தலைவர்கள் மேடையில் ஸ்பானிய மொழியில் நாலு வார்த்தை பேசினால் மட்டும் போதாது. முதலில் அவர்கள் வீட்டு மளிகைச் சிட்டையை வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும்!