கைக்கடிகார வார்களின் உழைப்பு

கைக்கடிகார வார் என்பது கடிகாரத்தை மணிக்கட்டில் பிணைக்கும் பட்டை ஆகும். தோல், ரப்பர், நெகிழி, நைலான், உலோகம் ஆகியவற்றால் இது செய்யப்படுகிறது. உலோக வாரைச் செயின் என்று அழைப்பது வழக்கம். கடிகாரம் பழுதின்றி ஓடும்போதே வார் அறுந்துபோவது உண்டு. ஒரு வார் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது அதன் பொருளை மட்டுமன்றி, அணிபவரின் வேலையையும் பொறுத்தது.

வேலையும் தேய்மானமும்

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். சமவெளியில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும், கல்வராயன் மலைப்பகுதியில் மரவள்ளியும் பயிராகின்றன. கரும்பு வெட்டுபவரின் வார் வியர்வையில் ஊறுகிறது. கரும்புச் சோகையின் கூர்மையான விளிம்பு அதில் உரசுகிறது. நாற்று நடுபவரின் வார் சேற்று நீரில் நனைகிறது. கிழங்கு பிடுங்குபவரின் வாரில் மண் துகள்கள் புகுந்து அராவுகின்றன.

தோல்

கல்வராயன் மலையில் கிடைக்கும் கடுக்காயில் துவர்ப்புப் பொருள் மிகுதி. இது தோல் பதனிடப் பயன்படுகிறது. பதனிட்ட தோல் எளிதில் அழுகாது. எனினும் வியர்வையில் நனைந்து நனைந்து உலரும்போது அதிலுள்ள எண்ணெய்ப்பசை குறைகிறது. பிறகு தோல் விறைத்து, மடியும் இடங்களில் வெடிக்கிறது. கொக்கி மாட்டும் துளைகளும் நாளடைவில் விரிகின்றன. அலுவலகம், வகுப்பறை போன்ற இடங்களுக்குத் தோல் வார் பொருந்தும். வயல் வேலைக்குப் பொருந்தாது.

ரப்பர், நெகிழி

இயற்கை ரப்பர் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் வெடிப்பு விடும். மலிவான பி.வி.சி. வாரில் கலந்துள்ள நெகிழ்வூட்டி காலப்போக்கில் வெளியேறுவதால் அது விறைத்துப்போகும். இலக்கக் கடிகாரங்களில் காணப்படும் பாலியூரித்தேன் வார் நீரையும் உராய்வையும் நன்கு தாங்கும். ஆனால் அதன் சில வகைகள் ஈரப்பதத்தால் மெல்லச் சிதைகின்றன. இது நீராற்பகுப்பு எனப்படும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இச்சிதைவு நிகழலாம். சிலிக்கோன் வெப்பத்தையும் வெயிலையும் தாங்கும். சிறு வெட்டு விழுந்தால் எளிதில் கிழியும். சோகையும் முள்ளும் உள்ள இடத்தில் இது பெரிய குறையாகும்.

நைலான்

நைலான் உராய்வை நன்கு தாங்கும்; விலையும் குறைவு. நனைந்தாலும் விரைவில் உலரும். பிரிட்டன் பாதுகாப்புத் துறை 1973ஆம் ஆண்டு ஒற்றைத் துண்டு நைலான் வாருக்குத் தர வரையறை வெளியிட்டது. இவ்வகை வார் கடிகாரத்தின் அடிப்புறமாகச் செல்வதால், ஒரு பின் உடைந்தாலும் கடிகாரம் கீழே விழாது. அழுக்கையும் வியர்வை நாற்றத்தையும் பிடித்துக்கொள்வது இதன் குறை; சோப்பு நீரில் துவைத்தால் சரியாகிவிடும்.

உலோகம்

துருப்பிடிக்காத எஃகிலுள்ள குரோமியம், மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கிக் காக்கிறது. 316எல் வகையில் மாலிப்டினமும் சேர்வதால் அது வியர்வை உப்பை மேலும் நன்றாகத் தாங்குகிறது. கண்ணிகளுக்கிடையே மண் புகுந்தால் பின்கள் தேய்ந்து செயின் தொளதொளக்கும். முலாம் பூசிய செயினில் முலாம் தேய்ந்ததும் அடியிலுள்ள உலோகம் வெளிப்படும். அதில் நிக்கல் இருந்தால் சிலருக்குத் தோல் அரிப்பு ஏற்படும்.

ஸ்பிரிங் பின்

வாரைக் கடிகாரத்துடன் இணைக்கும் மெல்லிய ஊசியே ஸ்பிரிங் பின். வார் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், இது துருப்பிடித்தாலோ வளைந்தாலோ கடிகாரம் கழன்று விழும். எனவே வாரை மாற்றும்போது பின்னையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

தெரிவும் பாதுகாப்பும்

சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்பவர்களுக்கு நைலான் அல்லது பாலியூரித்தேன் வார் ஏற்றது. வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் வாரின் ஆயுள் கூடும்.

கதிரடிக்கும் இயந்திரம், கடைசல் இயந்திரம் போன்றவற்றின் அருகே எந்த வாரையும் அணியக் கூடாது. எளிதில் அறுந்துபோகாத வார் சுழலும் பாகத்தில் சிக்கினால், கையையும் சேர்த்து இழுத்துவிடும். உலோகச் செயின் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்வேலை செய்யும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும்.