நம் ஆவணங்கள் எங்கே போகின்றன? நிறுவும் மென்பொருளும் இணையச் சேவையும்

வளைகுடா வேலை, கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை என எதற்கு விண்ணப்பித்தாலும் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்கிறார்கள். உடனே நம்மில் பலர் கூகுளில் தேடி, முதலில் வரும் இணையதளத்தில் பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் ஏற்றிவிடுகிறோம். சில நொடிகளில் வேலை முடிகிறது. காசும் கேட்பதில்லை.

ஆனால் இத்தகைய தளங்கள் பலவற்றில் கோப்புகளை இணைப்பது நம் கணினி அல்ல. கோப்பின் நகல் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே இணைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. 'சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம்' என்று எழுதியிருப்பார்கள். அழித்தார்களா என்று பார்க்க நமக்கு வழியில்லை. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிவிடலாம். பிறந்த தேதியையும் தகப்பனார் பெயரையும் மாற்ற முடியுமா?

இதே வேலையை நம் கணினியிலேயே செய்யலாம். 2010-இல் தொடங்கிய லிப்ரெஆபிஸில், ஸ்கேன் செய்த படங்களை வரிசையாக வைத்து பிடிஎஃப் ஆக்கலாம். திறப்பதற்குப் பாஸ்வேர்டும் போடலாம். பல பிடிஎஃப் கோப்புகளை இணைக்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் பேசிக் இருக்கிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் இந்த வேலைகளுக்கு இணையம் தேவையில்லை. கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதும் இல்லை.

இவை விலையில்லாதவை மட்டுமல்ல, 'கட்டற்ற மென்பொருள்கள்'. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வளர்ந்த கருத்து இது. விரும்பியபடி பயன்படுத்த, ஆராய, மாற்ற, பிறருக்குக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. மூல நிரல் வெளிப்படையாக இருப்பதால், அது மறைவாக ஏதும் செய்கிறதா என்று விவரம் தெரிந்தவர்கள் சோதிக்கலாம். பிறர் சர்வரில் ஓடும் நிரலை நாம் அப்படிச் சோதிக்க முடியாது.

இன்னொன்று, இணையச் சேவை என்றைக்கும் இருக்கும் என்ற உறுதி இல்லை. எத்தனையோ ஊர்க் குழுக்களும் நண்பர் வட்டங்களும் பயன்படுத்திய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. கணினியில் நிறுவிய மென்பொருளோ, அதை உருவாக்கியவர்கள் கைவிட்டாலும் அன்றே நின்றுவிடாது.

இதனால் இணையச் சேவைகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. துபாயில் இருப்பவரும் ஊரில் இருப்பவரும் ஒரே கல்யாணச் செலவுக் கணக்கைச் சேர்ந்து எழுத கூகுள் ஷீட்ஸ் வசதியானது. பிறர் பார்த்தாலும் பாதகமில்லாததை அங்கே வைக்கலாம். அடையாள ஆவணம், மருத்துவ அறிக்கை, சொத்துப் பத்திரம், குடும்பப் படங்கள் ஆகியவற்றை நம் கணினியிலேயே கையாள்வோம். தனியாக ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்து வைப்போம்.

கணினி இல்லாத வீடுகளுக்காக, ஜமாஅத் அலுவலகக் கணினியில் இந்த மென்பொருள்களை நிறுவி வைக்கலாம். அவற்றின் அதிகாரபூர்வ தளங்களிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். வேலை முடிந்ததும் அவரவர் கோப்புகளை அழித்துவிடுங்கள். பிறர் நம்மை நம்பித் தரும் ஆவணமும் ஓர் அமானிதம்தான்.