முட்டையில் இருக்கிறது உப்புக் கணக்கு
களப்போரம் – 11

எங்கள் களப்பில், பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கீழே போகிற தண்ணீருக்கு மாதத்துக்கு ஒரு ருசி. மார்கழி மழையில் காட்டாறுகள் வந்து விழுந்ததும் உப்பு இளகிவிடும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் நாக்கில் வைக்க முடியாது, கரிக்கும். அந்தத் தண்ணீரில் வளரும் இறாலைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். இந்த வாரம் எழுதப்போவது உப்பே வேண்டாத ஓர் இறாலைப் பற்றி. ஓர் அங்குலம் வளர்ந்தாலே அதற்குப் பெரிய வளர்த்தி.

எங்கள் முன் விறாந்தையில் 40 லீற்றர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் சிவப்புச் செர்ரி இறால்கள். முதன்முதலில் 10 இறாலைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்தபோது, அறுபது வருடமாக வலை வீசுகிற பக்கத்து வீட்டுப் பெரியப்பா குனிந்து பார்த்தார். “இது கூனிதானே மனே! இதுக்கா கண்ணாடிப் பெட்டி?” என்றார். பிறகு அரை மணித்தியாலம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. முன்கால்களின் நுனியில் இருக்கும் குஞ்சம் போன்ற மயிரால் அவை பாசியை வழித்து வழித்து வாயில் வைப்பதைப் பார்க்கத் தொடங்கினால் எவருக்கும் எழும்ப மனம் வராது.

இவற்றின் அறிவியற் பெயர் நியோகரிடினா டேவிடி. தாய்வானும் சீனாவும் பூர்வீகம். அங்கே ஓடைகளில் மங்கிய பழுப்பு நிறத்தில் திரிபவை. தலைமுறை தலைமுறையாகச் சிவந்ததை மட்டும் பிரித்து இணைசேர்த்து இந்த நிறத்தைக் கொண்டுவந்தவர்கள் வளர்ப்பாளர்கள். ஜப்பானில் ஹிசாயாசு சுசுகி என்பவர் 1990களில் கரிடினா பேரின இறாலில் இதே பொறுமையைக் காட்டித்தான் வெள்ளையும் சிவப்புமான ‘கிறிஸ்டல் ரெட்’ வகையை உருவாக்கினார்.

ஆனால் என்னை இழுத்தது நிறம் அல்ல, முட்டை.

பெண் இறாலின் தலைக்குப் பின்னால், முதுகில், முதலில் ஒரு மஞ்சள் திட்டுத் தெரியும். அது சூலகத்தில் இருக்கும் முட்டை. ஒரு நாள் பெண் இறால் கோது கழற்றும். உடனே தொட்டியில் உள்ள ஆண்கள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி நீந்தித் திரியும். இணை சேர்ந்த பின் முட்டைகள் வயிற்றுக்கடியில் இறங்கி, நீந்துகால்களில் ஒட்டிக்கொள்ளும். எண்ணிப் பார்த்தால் 20, 30 தான் தேறும். தாய் ஓயாமல் அந்தக் கால்களை விசிறிக்கொண்டே இருக்கும். விசிறாவிட்டால் முட்டையில் பூஞ்சணம் பிடித்துவிடும். பொரிக்கும் நாள் நெருங்கினால் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளி தெரியும். அவை கண்கள். வெளியே வருவது புழு அல்ல. மில்லிமீற்றர் அளவில், கால், மீசை எல்லாம் முழுதான இறால்.

இதைப் பாலத்தடி இறாலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்புப் புலி இறால் வெளிக்கடலுக்குப் போய்ப் பல லட்சம் முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. காவல் கிடையாது. குடம்பிகள் மிதந்து, உருமாறி, கடைசியில் களப்பின் கண்டல் வேர்களுக்குள் வந்து தஞ்சமடைகின்றன. ஜப்பானியர் தக்காஷி அமானோ தொட்டிப் பாசியைத் தின்பதற்காகப் பிரபலப்படுத்திய கரிடினா மல்டிடென்டாடா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஓடையில் வாழும், 1000க்கும் மேற்பட்ட முட்டைகளை வயிற்றில் சுமக்கும். ஆனால் பொரிக்கும் குடம்பிக்குக் கடலுப்பு வேண்டும். நன்னீரில் சில நாட்களில் செத்துப்போகும். செர்ரி இறாலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடலில் கழிக்கவேண்டிய பருவம் முழுவதையும் முட்டைக்குள்ளேயே கழித்துவிடுகிறது. அதற்கு நிறைய மஞ்சட்கரு வேண்டும், முட்டை பெரிதாகும், எண்ணிக்கை குறையும். ஓர் இறாலின் முட்டையைப் பார்த்தாலே அது கடலை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இங்கே இவற்றை வளர்ப்பதில் முதல் எதிரி வெக்கை. 28 பாகைக்கு மேல் போனால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், இறால்கள் சோரும். மூடியை எடுத்துவிட்டுச் சின்ன விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பி வைக்கிறேன், இரண்டு மூன்று பாகை இறங்குகிறது. கிணறு சவர்க்கும் மாதங்களில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரைக் கலக்கிறேன். புதுத் தொட்டியில் ஸ்பொஞ்ச் பில்டரை ஒரு மாதமாவது வெறுமனே ஓடவிட்டு, நல்ல பக்டீரியா பிடித்த பிறகே இறாலை விடவேண்டும். அவசரப்பட்டால் அமோனியா கொன்றுவிடும். கொட்டாங்காய் மரத்தின் காய்ந்த இலை இரண்டு போட்டுவைப்பேன். அதில் படரும் நுண்ணுயிர்கள்தான் குஞ்சுகளின் முதல் சாப்பாடு.

ஒருமுறை தொட்டியிலிருந்த கப்பி மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி கண்டது. ஒரு கடையில் தந்த மருந்தைச் சொன்ன அளவில் விட்டேன். விடியும்போது மீன்கள் சுகமாக நீந்தின. இறால்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் செத்து அடியில் கிடந்தன. அந்த மருந்தில் செம்பு. இறாலின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதே செம்பு கலந்த ஹீமோசயனின் என்ற புரதத்தால்தான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினால் அதற்கு நஞ்சு. முட்டையோடு கிடந்த இரண்டு தாய்களை எடுத்து மண்ணில் புதைத்தபோது மனம் கிடந்து அடித்தது. இப்போது லேபலை முழுதாக வாசிக்காமல் எதையும் விடுவதில்லை.

தொட்டி நிரம்பி வழிகிறதே, குளத்தில் விட்டால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஜெர்மனியிலும் போலந்திலும் ஹவாயிலும் அப்படிப் போனவை அங்கேயே குடியேறிப் பெருகிவிட்டன. எங்கள் நன்னீருக்கும் சொந்தக் குட்டி இறால்கள் உண்டு. விலங்கியலாளர்கள் கே. டி. அருட்பிரகாசமும் எச். எச். கொஸ்தாவும் 1962இல் இலங்கையிலிருந்து கரிடினா சைலனிக்கா, கரிடினா பெர்னான்டோய் என்ற இரண்டு புது இனங்களை உலகுக்கு அறிவித்தார்கள். நம் ஓடையில் கிடப்பதை யாரும் கண்ணாடிக்குள் வைத்து ரசிப்பதில்லை, அதனால் அது போனாலும் தெரியாது.

நேற்று இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். இலைக்கடியில் ஒரு தாய், கண் தெரிகிற முட்டைகளோடு. எண்ணத் தொடங்கி 17 வரை வந்தேன், அது திரும்பிக்கொண்டது.

(தொடரும்)