முந்நூறு மறுப்புகளுக்குப் பிறகு

விசாரணை அறை – 6

‘நாலு தட்டு தட்டினால் உண்மை தானாக வரும்’ என்ற நம்பிக்கை நம்மூர் ஸ்டேஷன்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. சென்ற வாரம் பார்த்த கில்ட்ஃபோர்டு நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் வழக்குகள் இரண்டும் அதே நம்பிக்கையில் விளைந்தவைதான். 1974-ல் இங்கிலாந்தில் குண்டுகள் வெடித்தன. கையோடு ஒப்புதல் வாக்குமூலங்களும் வந்தன. நால்வர் 1989-லும் அறுவர் 1991-லும்தான் வெளியே வந்தார்கள். அந்த நாட்களில் விசாரணை அறையில் ஒலிப்பதிவு கிடையாது. உள்ளே என்ன நடந்தது என்பதற்குப் போலீஸ்காரர் எழுதிய காகிதம்தான் சாட்சி.

அப்படியானால் பேச்சைப் பதிவு செய்துவிட்டால் போதுமே? பிரிட்டனும் அப்படித்தான் நினைத்தது. 1984-ல் நிறைவேறி 1986-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், காவலில் வைக்கும் நேரத்துக்கு வரம்பு கட்டியது. வக்கீலின் துணையை உறுதி செய்தது. விசாரணையை ஒலிநாடாவில் பதிவு செய்ய வழிவகுத்தது.

இத்தனைக்கும் பிறகுதான் கார்டிஃப் வழக்கு வந்தது. வேல்ஸின் தலைநகரான அந்த ஊரில், 1988 பிப்ரவரி 14 அன்று லினெட் வைட் என்ற 20 வயதுப் பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சம்பவ இடத்துக்கு அருகே ரத்தக்கறையோடு நின்ற ஒரு வெள்ளைக்காரரைத்தான் போலீஸ் முதலில் தேடியது. அவர் கிடைக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் பிடிபட்ட ஐந்து பேரில் ஒருவர்கூட வெள்ளையர் இல்லை. அவர்களில் ஒருவர், அந்தப் பெண்ணின் காதலர் ஸ்டீஃபன் மில்லர்.

ஐந்து நாட்களில் மொத்தம் சுமார் 13 மணி நேரம் மில்லரை விசாரித்தார்கள். அவரை யாரும் அடிக்கவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பகுதி நேரம் வக்கீலும் பக்கத்தில் இருந்தார். ‘நான் அங்கே இல்லை’ என்று மில்லர் முந்நூறு முறைக்கும் மேல் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே குற்றச்சாட்டு இன்னும் உரத்த குரலில் திரும்பி வந்தது. கடைசியில் அவர்கள் எதிர்பார்த்ததை ஒப்புக்கொண்டார். 1990-ல் மில்லருக்கும் மேலும் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

1992 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஏழாம் நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். திகைத்துப்போனார்கள். அதிகாரிகள் கேள்வி கேட்கவே இல்லை, மில்லர் எதைச் சொல்ல வேண்டுமோ அதை அவரை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள் என்றது தலைமை நீதிபதி டெய்லரின் தீர்ப்பு. கைநீட்டாமலே ஒருவரை இதைவிட அதிகமாக மிரட்ட முடியாது என்றும் சொன்னது. தலையிடாமல் உட்கார்ந்திருந்த வக்கீலுக்கும் கண்டனம் கிடைத்தது. மூவரும் விடுதலையானார்கள்.

அதே 1992-ல் ஜான் பால்ட்வின் என்ற ஆய்வாளர், பதிவு செய்யப்பட்ட 600 விசாரணைகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் கொடூரத்தைவிடத் திறமைக் குறைவே மிகுதியாகத் தென்பட்டது. வழக்கை முன்கூட்டிப் படிக்காமல் வந்தவர்கள், பதற்றத்தில் கேட்டதையே கேட்டவர்கள், ‘இவன்தான் செய்தான்’ என்று முடிவுகட்டிவிட்டு உட்கார்ந்தவர்கள் என அதிகாரிகள் பல ரகம். முதலில் மறுத்துவிட்டுப் பிறகு முழுதாக ஒப்புக்கொண்டவர்கள், 600 பேரில் சுமார் 20 பேர்தான். பேச்சு சாமர்த்தியத்தால் குற்றவாளியை வழிக்குக் கொண்டுவரும் அதிகாரி பெரும்பாலும் சினிமாவில்தான் இருக்கிறார்.

இந்தக் குறைகளைக் களையப் போலீஸ் அதிகாரிகளும் உளவியல் அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்து புதிய முறை ஒன்றை வகுத்தார்கள். ஐந்து கட்டங்களின் ஆங்கிலப் பெயர்களுடைய முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘பீஸ்’ (PEACE) என்று பெயர். திட்டமிடுவது, எதற்காக அழைத்திருக்கிறோம் என்று விளக்கிப் பேச்சைத் தொடங்குவது, அவர் தரப்பைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது, முறையாக முடிப்பது, பிறகு கிடைத்ததை மதிப்பிடுவது. 1993 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸாருக்கு இதில் பயிற்சி தரப்பட்டது. ஒப்புதல் வாங்குவது இதன் நோக்கமல்ல. சரிபார்க்கக்கூடிய தகவலைத் திரட்டுவதுதான் நோக்கம்.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது? ஒரு நகைக்கடையில் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குக் கடை வாசலில் ஒருவரது பைக் நின்றது சிசிடிவி கேமராவில் பதிவாகியிருக்கிறது. பழைய பாணி அதிகாரி எடுத்த எடுப்பில் அந்தப் படத்தை மேஜைமேல் வீசுவார். திருடியவனுக்கு அந்த நொடியே பதில் கிடைத்துவிடும்: ‘சிகரெட் வாங்க நிறுத்தினேன், சார்.’

பீஸ் முறையில் பயின்றவர் படத்தை எடுக்கமாட்டார். ‘அன்று சாயங்காலம் முதல் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். மௌனம் விழுந்தால் அதை நிரப்ப அவசரப்படமாட்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு விவரங்களுக்குள் போவார். பைக்கை வேறு யார் ஓட்டுவார்கள்? சாவி யாரிடம் இருந்தது? அந்தத் தெருப்பக்கம் போனதுண்டா? பதில்கள் பதிவான பிறகுதான் படம் வெளியே வரும். வீட்டிலேயே இருந்தேன், பைக்கை யாரும் தொடவில்லை என்று சொன்னவன், தன் வார்த்தைகளுக்கே இப்போது விளக்கம் தர வேண்டியிருக்கும். நிரபராதி என்றால், ‘ஒன்பது மணிக்குச் சிநேகிதன் கேட்டான், சாவியைக் கொடுத்தேன்’ என்று படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லியிருப்பார். சிநேகிதரை விசாரித்தால் தெரிந்துவிடும். குற்றவாளியைச் சிக்கவைக்கும் அதே கேள்விகள் நிரபராதியைக் காப்பாற்றுவதுதான் இந்த முறையின் பலம்.

கையில் இல்லாத சாட்சியம் இருப்பதாகப் பொய் சொல்லவும் இங்கிலாந்தில் இடமில்லை. ஒரு தீவைப்பு வழக்கில், கிடைக்காத கைரேகை கிடைத்துவிட்டதாகச் சந்தேக நபரிடமும் வக்கீலிடமும் போலீஸ் புளுகியது. அப்படி வாங்கிய வாக்குமூலத்தை 1987-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1969-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய பொய்யைச் சகித்துக்கொண்டது. சிறார்களிடம் பொய் சொல்லி விசாரிப்பதற்கு எதிராக இல்லினாய், ஆரிகன் மாநிலங்கள் சட்டம் கொண்டுவந்தது 2021-ல்தான்.

‘இதெல்லாம் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை’ என்பவர்கள் கார்டிஃப் கதையின் மிச்சத்தையும் கேட்க வேண்டும். பின்னாளில் கொலை நடந்த அறையை மீண்டும் சோதித்தபோது, சுவரோரப் பலகையில் பெயின்ட் பூச்சுக்கு அடியில் ரத்தம் சிக்கியது. டிஎன்ஏ சோதனை, போலீஸ் கோப்பில் இருந்த ஓர் இளைஞனின் உறவினர் பக்கம் கை காட்டியது. 2003-ல் ஜெஃப்ரி கஃபூர் என்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். கொலைக்கும் அந்தத் தண்டனைக்கும் இடையே 15 ஆண்டுகள். மில்லரை மிரட்டி வாங்கிய அந்த ஒப்புதல் மூன்று பேரை உள்ளே தள்ளியதோடு நிற்கவில்லை. ‘வழக்கு முடிந்தது’ என்று போலீஸை நம்ப வைத்து, கொலைகாரனைத் தேடும் வேலையையே நிறுத்திவிட்டது. சலுகை கிடைத்தது உண்மையில் அவனுக்குத்தான்.

அடுத்த வாரம்: இரண்டாம் உலகப் போரில், பிடிபட்ட அமெரிக்க விமானிகளோடு காட்டில் உலாவப் போய், அவர்களுக்கே தெரியாமல் தகவல் கறந்த ஜெர்மானியர் ஹான்ஸ் ஷார்ஃப்.

(தொடரும்)